மோர்சேயின் ஒற்றைக்கால் நாரை

ஒரு விடுகதை போடுகிறேன்.

இடப்பக்கம் போனாலும் அங்கேதான் வரும். வலப்பக்கம் போனாலும் அங்கேதான் வரும். தப்பி ஓடுகிறவனைத் தானே கூட்டிக்கொண்டுபோய்ப் பிடித்துக் கொடுக்கும். அது என்ன?

பாம்பு என்கிறீர்களா? இல்லை. பெண்சாதி என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கிட்ட வந்துவிட்டீர்கள், ஆனாலும் அது இல்லை. ஆனந்தராசாவுக்கும் விடை தெரியாமல்தான் போயிற்று. அவருக்குத் தெரியாமல் போனதுதான் அதிசயம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஆனந்தராசா ஸ்டுட்கார்டில் பேருந்து ஓட்டுகிறவர். இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் ஊரைச் சுற்றுகிற வேலை. அவர் ஊரைச் சுற்றச் சுற்ற, இடுப்பின் சுற்றளவும் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு நாள் வைத்தியர், இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது என்றார்.

"நடங்கள். பக்கத்தில் ஒரு சதுப்பேரி இருக்கிறதே, அங்கே போங்கள். பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம். மேடு பள்ளம் கிடையாது. பலகை போட்ட பாதை. குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள்கூட நடக்கிறார்கள்."

ஜெர்மன் மொழியில் சதுப்புக்கு மோர் என்று பெயர். ஏரிக்கு சே. இரண்டும் சேர்ந்து மோர்சே. வீட்டுக்கு வந்து மனைவி மங்கையற்கரசியிடம் சொன்னார்.

"எங்க நடக்கச் சொன்னவர்?"

"மோர்சேயில."

"மோரில எப்பிடியப்பா நடக்கிறது? வழுக்குமே."

"மோர் எண்டா சதுப்பு, அரசி."

"தெரியும். இருபது வருசமா நானும் இந்த நாட்டிலதான் இருக்கிறன். சனிக்கிழமை சனிக்கிழமை போங்கோ. மோருக்குப் போறவருக்கு மோர் கரைச்சுத் தந்து விடுறன். வழியில கேக், கோப்பி எண்டு ஒரு இடமும் நிக்கக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

உண்மையில் விளங்கியது. முதல் சனிக்கிழமை அவர் நடக்கத்தான் போனார். புதுச் சப்பாத்து, தொப்பி, கையில் மோர்ப் போத்தல். ஆனால் காரை நிறுத்தும் இடத்துக்கும் பாதை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சிறிய கடை. கடைக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தபடி நாலு மேசை. கடைக்காரி யூலியா அப்போதுதான் அடுப்பிலிருந்து ஒரு கேக்கை இறக்கி வைத்தாள். ஜெர்மன்காரர் தயிர்க்கட்டி போட்டுச் செய்கிற கேக். அதன் பெயர் கேஸகூகன். பெயரிலேயே கேஸ் இருக்கிறது. ஒரு நாளைக்கு மாட்டாமல் விடுமா? இதை ஆனந்தராசா அப்போது யோசிக்கவில்லை. மூக்கு யோசித்தது, கால் நின்றது, மற்றதெல்லாம் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருடைய நடை, காரிலிருந்து மூன்றாவது மேசைவரை.

மோரை என்ன செய்வது? கேக்குக்கு மேல் மோர் இறங்காது. நிறைந்த போத்தலோடு வீட்டுக்கும் போக ஏலாது. அதனால் யூலியாவுக்கே கொடுத்தார். கொடுக்கும்போது, வாயை அடைக்கவும் இது உதவும் என்று ஒரு கெட்டிக்கார எண்ணம் அவருக்கு ஓடியது. யூலியா குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். இஞ்சி இன்னும் கொஞ்சம் போட்டால் நன்றாக இருக்கும் என்றாள். அடுத்த கிழமை இஞ்சி கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அதற்கடுத்த மாதம் போத்தலும் பெரிதாயிற்று. மனைவிக்குத் தன்மேல் அன்பு பெருகுகிறது என்று ஆனந்தராசா எடுத்துக்கொண்டார்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. சீனி இறங்கியது.

"நடையைப் போல மருந்தில்லை" என்று வைத்தியர் எழுந்து கை கொடுத்தார். ஆனந்தராசா அடக்கத்தோடு தலையைக் குனிந்தார். பிறகு காரில் ஏறி, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "எப்பிடியடா?" என்று கேட்டார். கண்ணாடிக்கும் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வீட்டில் மிதுசா இருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள். சனி பின்னேரம் அப்பா வந்ததும் மடியில் ஏறி இருப்பாள்.

"இண்டைக்கு என்ன கண்டனீங்கள், அப்பா?"

கேக்கைக் கண்டேன் என்று சொல்ல முடியுமா? நாரையைக் கண்டேன் என்றார். என்ன நாரை? சாம்பல் நாரை. என்ன செய்தது? ஒற்றைக் காலில் நின்றது. ஏன்? மற்றக் காலை ஒரு பெரிய மீன் கடித்துக்கொண்டு போய்விட்டது. ஐயோ, அதன் பெயர் என்ன? பெயருக்கு ஆனந்தராசா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. ஒரு காலைத் தூக்கி நிற்பவர் இருக்கும் இடம் பொன்னம்பலம்தானே. அதையே வைத்தார்.

அதன்பிறகு கிழமைக்குக் கிழமை பொன்னம்பலம் வளர்ந்தது. பொன்னம்பலத்துக்குத் தடிமன் பிடித்துத் தும்மியது. பொன்னம்பலம் வாத்துகளுக்குள் வந்த சண்டையைத் தீர்த்து வைத்தது. பொன்னம்பலம் அப்பாவைக் கண்டதும் தலையை ஆட்டும். மிதுசா வாயைத் திறந்தபடி கேட்பாள். சில நாட்களில் அவளுக்குக் கண்ணும் கலங்கும். பேருந்தில் ஏறுகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவர் சொல்வதை அப்படிக் கேட்டதில்லை. ஆனந்தராசாவுக்குக் கேக்கைவிட அந்த அரைமணி நேரம்தான் இனித்தது.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மேசையில் மிதுசா சொன்னாள்:

"அப்பா, எனக்கு ரெஃபராட் தந்திருக்கினம்."

ரெஃபராட் என்றால், வகுப்பில் எழும்பி நின்று ஒரு விடயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

"நல்லது பிள்ளை. எதைப் பற்றி?"

"மோர்சேக்கு வாற ஒரு உயிரைப் பற்றி. எந்த உயிரெண்டாலும் பரவாயில்லை, நாங்களே தெரிஞ்செடுக்கலாம். நாலு கேள்விக்கு மறுமொழி சொல்ல வேணும். எங்க இருக்கும், எப்ப வரும், என்ன தின்னும், எதுக்குப் பயப்பிடும். நான் பொன்னம்பலம் எண்டு சொல்லிப்போட்டன்."

ஆனந்தராசாவின் கையில் இருந்த புட்டு, வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"ஆருக்குச் சொன்னனீ?"

"எல்லாருக்கும். ஒரு கால் உள்ள நாரை இருக்காது எண்டு ரீச்சர் சொன்னவ. எங்கட அப்பா பொய் சொல்லமாட்டார் எண்டு நான் சொன்னன். அப்ப நேரில பார்த்து, படம் கீறிக்கொண்டு வா எண்டவ."

"நேரில எண்டால்?"

"சனிக்கிழமை நானும் உங்களோட வாறன்."

"மழை பெய்யும், பிள்ளை."

"பெய்யாது. பார்த்தனான்."

"அங்க நுளம்பு."

கறி பரிமாறிக்கொண்டிருந்த மங்கையற்கரசி கரண்டியை வைத்தாள்.

"பிள்ளைக்குத் தனிய நுளம்பு கடிக்கக்கூடாது. நானும் வாறன்."

"உமக்கு வேலை இல்லையோ?" மங்கையற்கரசிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. முறை மாறி மாறி வரும்.

"இந்தச் சனி எனக்கு லீவு. ஏனப்பா, நாங்கள் வந்தால் பொன்னம்பலத்துக்கு வெக்கமோ?"

நாரை மட்டுமல்ல, தாயும் மகளும்கூட ஒற்றைக் காலில்தான் நின்றார்கள். ஆனந்தராசா தோற்றார்.

வியாழனும் வெள்ளியும் அவர் பேருந்தை எப்படி ஓட்டினார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு தரிப்பில் கதவைத் திறக்க மறந்தார். இன்னொரு தரிப்பில் மூட மறந்தார். மனைவியிடம் பிடிபடுவது அவருக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு நாள் பேச்சு விழும், மூன்றாம் நாள் புளிக்கறி வரும், முடிந்துவிடும். ஆனால் "எங்கட அப்பா பொய் சொல்லமாட்டார்" என்று அந்தப் பிள்ளை ஒரு வகுப்புக்கு முன்னால் சொல்லியிருக்கிறது. நாரை இல்லை என்று தெரிந்தால், இனி எந்தச் சனிக்கிழமை அது மடியில் ஏறி இருந்து கதை கேட்கும்?

யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டார். நாரையைப் பற்றிக் கவலை இல்லை. பறவைதானே, இன்றைக்கு வரவில்லை, பறந்து போய்விட்டது என்று சொல்லலாம். ஆபத்து யூலியாதான். அவரைக் கண்டதும், "வழக்கம்போல கேக்தானே?" என்பாள். அந்த ஒரு கேள்வி போதும். மீதி எல்லாம் பலகைப் பாலம் முறிந்ததுபோலக் கடகடவென்று வந்து விழும். ஆகவே கடை இருக்கும் பக்கமே போகக் கூடாது. ஏரியின் மறுகரையில் இன்னொரு கார் நிறுத்தும் இடம் இருக்கிறது. அங்கே போவது. கடைக்கு எதிர்த்திசையில் நடப்பது. நடந்துகொண்டே இருப்பது. திட்டம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை மறுகரையில் இறங்கினார்கள். பாதை தொடங்குமிடத்தில் ஒரு கம்பம். இடப்பக்கம் காட்டும் அம்புக்குறியில் ஒரு கோப்பைப் படம். வலப்பக்கம் காட்டும் அம்புக்குறியில் ஒரு நாரைப் படம்.

"வலப்பக்கம்" என்றார் ஆனந்தராசா, யாரும் கேட்காமலே.

"வலப்பக்கமோ? நல்லது" என்றாள் மங்கையற்கரசி. அவள் தோளில் பெரிய போத்தல் தொங்கியது.

பாதை வைத்தியர் சொன்னபடியேதான் இருந்தது. பலகைகள் காலுக்குக் கீழே மெல்ல அதிர்ந்தன. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் நாணல். இடையிடையே கறுப்புத் தண்ணீர், அதற்குள் வானம். மிதுசா முன்னால் துள்ளிக்கொண்டு போனாள். எவ்வளவு அழகான இடம், இத்தனை மாதமாக இதற்குள் காலே வைக்காமல் கேக்கைத் தின்றோமே என்று ஆனந்தராசாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் யூலியாவின் ஞாபகம் வந்தது.

"அப்பா, இது என்ன குருவி?"

"அது... சதுப்புக் குருவி."

"அது?"

"அதின்ர தம்பி."

எதிரே நாயோடு ஒரு கிழவர் வந்தார். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். கொஞ்சம் தள்ளி, தொலைநோக்கி வைத்திருந்த ஒரு அம்மா சிரித்துக் கையசைத்தாள். ஆனந்தராசாவுக்கு உயிர் வந்தது.

"பார்த்தீரே, அரசி? இஞ்ச எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

"தெரியுது" என்றாள் மங்கையற்கரசி. கிழவரின் நாய் திரும்பி ஓடிவந்து அவளுடைய சட்டைப் பையை மோந்தது. அவள் பைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். சதுப்பேரிக்கு முதல்தரம் வருகிறவள் பையில் நாய் பிஸ்கட் ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் மிதுசா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தாள்.

"அப்பா. பொன்னம்பலம்."

நாணல் விலகிய இடத்தில், கலங்கிய தண்ணீருக்கு நடுவே, ஒரு சாம்பல் நாரை நின்றது. ஒற்றைக் காலில்.

ஆனந்தராசா நெஞ்சில் கை வைத்தார். கடவுள் இருக்கிறார், அவர் ஜெர்மனியிலும் இருக்கிறார்.

"நான் சொன்னன்தானே" என்றார். "பாவம், ஒரு கால்."

மிதுசா கொப்பியை எடுத்துக் கீறத் தொடங்கினாள். ஒரு உடம்பு. ஒரு நீளக் கழுத்து. ஒரு கால். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

நாரை மற்றக் காலை இறக்கியது.

பிறகு இரண்டு காலாலும், ஒரு அவசரமும் இல்லாமல், நாணலுக்குள் நடந்து போயிற்று.

மிதுசா தண்ணீரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இது வேற நாரை, பிள்ளை" என்றார் ஆனந்தராசா. "இது பொன்னம்பலத்தின்ர..."

"தம்பியோ?" என்றாள் மங்கையற்கரசி.

அவர் நடந்தார். வேகமாக நடந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக வைத்தியர் சொன்ன மாதிரி நடந்தார். பறவை பார்க்கும் கோபுரத்தைத் தாண்டி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டி, பாதை வளைந்தபடியே வளைந்தது. ஒரு வளைவில் காற்றோடு ஒரு மணம் வந்தது. வெண்ணெய், தயிர்க்கட்டி, எலுமிச்சைத் தோல். மூக்கு முதலில் அறிந்தது. கால் பழக்கத்தில் நின்றது.

முன்னால் நாலு மேசை. தண்ணீரைப் பார்த்தபடி.

"திரும்புவம்" என்றார் ஆனந்தராசா. "பாதை இதோட முடியுது."

"முடியாது அப்பா" என்றாள் மிதுசா. "இது சுத்துப்பாதை. உங்கட பஸ் போறமாதிரி."

இதுதான் விடுகதையின் விடை. சுற்றுப்பாதை. ஆனந்தராசா பத்து வருடமாக ஓட்டுவது வட்டப் பேருந்து. எந்தப் பக்கம் ஏறினாலும் புகையிரத நிலையம் வந்தே தீரும் என்று பயணிகளுக்குத் தினமும் சொல்கிறவர். அந்த மனிதர்தான் எதிர்த்திசையில் நடந்தால் கடை வராது என்று திட்டம் போட்டவர். பயம் வந்தால் வட்டமும் நேர்கோடாகத் தெரியும் போலிருக்கிறது.

யூலியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனந்தராசா கண்ணை மூடினார்.

"வணக்கம், திருமதி அரசி. என்ன, இன்று சனிக்கிழமையிலும் வந்துவிட்டீர்கள்?"

ஆனந்தராசா கண்ணைத் திறந்தார்.

"இன்று குடும்பத்தோடு" என்றாள் மங்கையற்கரசி ஜெர்மனில். தோளிலிருந்த போத்தலைக் கழற்றிக் கொடுத்தாள். "இஞ்சி போட்டிருக்கிறேன்."

அவரைப் பார்த்து யூலியா தலையசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணியும் பாலும் கொண்டுவந்தாள். பிறகு, மூன்றாவது மேசையில், ஆனந்தராசா வழக்கமாக இருக்கும் பக்கத்தில், ஒரு துண்டு கேக்கை வைத்தாள்.

"அப்பா ஒண்டும் கேக்கேல்லையே" என்றாள் மிதுசா.

"கேக்கத் தேவையில்லை, பிள்ளை. இருங்கோ அப்பா, ஏன் நிக்கிறியள்? உங்கட இடம்தானே" என்றாள் மங்கையற்கரசி.

அவர் உட்கார்ந்தார்.

"உமக்கு... இவவை எப்பிடி?"

"வேலை முறை மாறுற நாளில நான் இஞ்சதான் நடக்கிறது. உங்களுக்கு முன்னமே தொடங்கினது. ஒரு நாள் இவவின்ர மேசையில எங்கட வீட்டுப் போத்தல் இருந்துது. ஆர் தந்தது எண்டு கேட்டன். தொப்பி போட்ட ஒரு நல்ல மனுசன் கிழமைக்குக் கிழமை தாறவர் எண்டா."

"அப்ப ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டால் என்ன செய்வியள்? வேற கடைக்குப் போவியள். அங்க என்ன தின்னுறியள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? இஞ்ச எண்டால் தெரியும்."

யூலியாவுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் கேக்கைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று விளங்கியது. பெருமையோடு சொன்னாள்:

"உங்கள் துண்டை எப்போதும் தனித் தட்டில்தான் சுடுகிறேன். உங்கள் மனைவி சொன்ன அளவு. ஒரு துளி சீனி கிடையாது. ஆறு மாதமாக நீங்கள் கண்டுபிடிக்கவே இல்லை."

ஆனந்தராசா கேக்கைப் பார்த்தார். கேக் அவரைப் பார்த்தது. சீனி இறங்கிய மர்மம் இறங்கிவந்து எதிரே உட்கார்ந்தது. நடையும் பொய், களவும் பொய். ஒரு மனிதன் நேர்மையாக ஒரு களவுகூடச் செய்ய முடியாத வீடு.

"அப்ப அந்த மோர்?" என்றார் பலவீனமாக. "எனக்கெண்டு நீர் கரைச்சுத் தந்தது?"

"உங்களுக்கு ஆர் தந்தது? முதல் போத்தல் தவிர எல்லாம் யூலியாவுக்கு. உங்களைப் பார்த்துக்கொள்ளுறதுக்குக் கூலி. நீங்கள் சனிக்கிழமை தவறாமல் கொண்டுவந்து குடுத்தனீங்கள். அதுக்கு நன்றி."

உளவாளியின் சம்பளத்தை உளவு பார்க்கப்பட்டவரே சுமந்து வந்து, வாயடைக்கக் கொடுத்ததாக வேறு நினைத்திருக்கிறார். இதற்கு மேல் விழ இடமில்லை என்று ஆனந்தராசாவுக்குத் தோன்றியது. இடம் இருந்தது. மேசையின் மறுபக்கத்தில் மிதுசா கொப்பியை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கள் ஒரு நாளும் நடக்கேல்லையோ?"

ஆனந்தராசா தட்டைத் தள்ளி வைத்தார்.

"பொன்னம்பலம் இல்லையோ?"

மங்கையற்கரசி உதவிக்கு வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்தாள். தூரத்தில் ஏதோ ஒரு பறவை கத்தியது. அது என்ன பறவை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் சுட்டது.

"இல்லை, பிள்ளை" என்றார்.

மிதுசா அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரலில் நாட்களை எண்ணினாள். திங்கட்கிழமை ரெஃபராட். நாரைக்கு இரண்டு கால் வந்துவிட்டது.

"அம்மா, எந்த உயிரெண்டாலும் பரவாயில்லை எண்டுதானே ரீச்சர் சொன்னவ?"

"ஓம்."

மிதுசா கொப்பியை எடுத்துக்கொண்டு யூலியாவிடம் போனாள். ஜெர்மனில், மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்கே இருக்கும்?"

யூலியா கொஞ்சம் விழித்தாள். பிறகு பிள்ளையின் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். "மூன்றாவது மேசையில். வெயில் வந்தால் கொஞ்சம் நகரும்."

"எப்போது வரும்?"

"சனிக்கிழமை. மழை பெய்தாலும் வரும்."

"என்ன தின்னும்?"

"கேக். தட்டையும் வழித்துத் தின்னும்."

எதற்குப் பயப்படும் என்ற நாலாவது கேள்வியை மிதுசா யூலியாவிடம் கேட்கவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். விடையைத் தானே எழுதிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து, அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, புதுப் பக்கத்தைப் புரட்டினாள்.

"அசையாதீங்கோ" என்றாள்.

வகுப்புக்கு மிதுசா அப்பாவைத் தெரிந்தெடுத்தாள்.